கப்பல் பட்டியலில் "டூ" என்ற வியாபாரி யார்?

கேள்வி:
1830களில், இன்று வர்ஜீனியாவில் இருக்கும் அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குக் கடல்வழியே விற்க அனுப்பப்பட்ட அடிமைகளின் பட்டியல்களை எக்செல்லில் ஏற்றுகிறேன், எம்.ஏ. ஆய்வுக்காக. அனுப்பியவர் பத்தியில் பாதிக்கு மேல் "டூ" (டி, ஓ என்று இரண்டே எழுத்து). இப்படி ஒரு பெரிய வியாபாரி இருந்ததாக எங்கும் படித்ததில்லை. வயதுக்குப் பக்கத்தில் 5 3, 4 10 என்று வருவது என்ன? சில கப்பல்களில் அத்தனை பேரும் இரண்டு முறை வருகிறார்கள். ஒன்றை அழித்துவிடலாமா?

பதில்:
அது ஆளே இல்லை! "டிட்டோ"வின் சுருக்கம். நம் பழைய பத்திரங்களில் மேற்படி என்பதற்கு ௸ போடுவார்களே, அதேதான். மேலே ஏறிப் போய் முதல் பெயரைப் பாருங்கள். அலெக்ஸாண்ட்ரியா என்றால் ஃபிராங்க்ளின், ஆர்ம்ஃபீல்ட் என்ற அடிமை வியாபாரக் கூட்டாளிகளாக இருக்க வாய்ப்பு அதிகம். சொந்தமாகவே கப்பல் விட்டவர்கள். ஒன்றுக்கு ஐசக் ஃபிராங்க்ளின் என்று முதலாளி பெயரையே வைத்தார்கள்.

5 3 என்பது உயரம், அடியும் அங்குலமும்.

எதையும் அழிக்காதீர்கள். 1808 ஜனவரி 1 முதல் அமெரிக்காவுக்கு வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரத் தடை. உள்நாட்டு விற்பனைக்குத் தடையில்லை. புதிதாக இறக்கியவர்கள் இல்லை என்று காட்ட, 40 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பலின் கேப்டன், ஒவ்வொரு அடிமையின் பெயர், வயது, பால், உயரம், நிறம் எழுதி இரண்டு பிரதி கொடுத்துச் சத்தியம் செய்ய வேண்டும். ஒன்று புறப்படும் துறைமுகச் சுங்கத்தில் தங்கும், மற்றது கப்பலோடு போகும். எக்செல்லில் "பிரதி" என்று ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள், எண்ணிக்கை இரட்டிக்காது.

கேட்டவர்:
அடடா, "டூ"வுக்கு ஒரு தனி அத்தியாயமே யோசித்து வைத்திருந்தேன்! சரி, இந்தப் பெயர்களை 1850 மக்கள்தொகைக் கணக்கில் தேடலாமா?

இன்னொருவர்:
கிடைக்காது. 1850, 1860 அடிமை அட்டவணைகளில் பெயர் இருப்பது உடைமையாளருக்கு மட்டும்தான். அடிமைகள் வயது, பால், நிறம் என்று வெறும் வரிகள். பெயரோடு தேட 1870க்கு வர வேண்டும். பட்டியலில் உள்ள பெயரையும் அப்படியே நம்பாதீர்கள். நியூயார்க்கின் சுதந்திர மனிதர் சாலமன் நார்த்தப்பை 1841இல் கடத்தி ரிச்மண்டிலிருந்து ஆர்லியன்ஸ் என்ற கப்பலில் ஏற்றினார்கள். பட்டியலில் அவர் "பிளாட் ஹாமில்டன்". நார்த்தப் என்று தேடினால் ஆயுசுக்கும் அகப்படமாட்டார். கப்பல், தேதி, வயது, உயரம் என்று சேர்த்துத் தேடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. ஒரு பக்கத்தில் மேலே ஏறிப் போனால் முதல் வரியிலேயே மை கொட்டிக் கிடக்கிறது. கீழே முழுக்க "டூ".

பதில்:
இன்னொரு பிரதியைத் திறந்து பாருங்கள். அதற்குத்தான் அழிக்க வேண்டாம் என்றேன்.