மறுமொழி: நண்டு தின்னாத ‘நண்டுண்ணி’க்கு ஒரு பெயர்

நண்பர்களே,

ஆங்கிலத்தில் ‘crabeater seal’ எனப்படும் கடல்நாய்க்கு நம் சொற்பட்டியலில் ‘நண்டுண்ணிக் கடல்நாய்’ என்று பெயரிடலாம் என்ற பரிந்துரைக்கு நான் உடன்படவில்லை. மூலப்பெயரிலேயே பிழை இருக்கிறது. அதை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? அண்டார்க்டிகாவைச் சுற்றி மிதக்கும் பனிப்பாளங்களில் வாழும் இந்த விலங்கின் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கிரில் (krill) என்ற, இறால் போன்ற சிற்றுயிர்தான். ஓம்ப்ரோன், ஜாக்கினோ என்ற பிரெஞ்சு இயற்கையியலர்கள் 1842-இல் வெளியிட்ட சிற்றினப் பெயரே ‘நண்டு தின்னி’ என்றுதான் பொருள்படுகிறது. பேரினப் பெயரைப் பாருங்கள்: லோபோடான், அதாவது மடல்பல். அதில் பழுதில்லை.

அந்தப் பல்லைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைவாய்ப்பல் ஒவ்வொன்றும் பல முனைகளாகப் பிளந்திருக்கும். வாயை மூடினால் மேல்முனைகளும் கீழ்முனைகளும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். கிரில் கூட்டத்தை நீரோடு வாய்க்குள் இழுத்து, நீரை மட்டும் அந்த இடுக்குகள் வழியே வெளியே தள்ளிவிடும். கீழ்வரிசையில் கடைசிப் பல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி உண்டு. அதன் வழியே இரை நழுவாதபடி தாடையெலும்பே அங்கே புடைத்து அடைத்து நிற்கிறது. இவ்வளவு நுட்பமான அமைப்பை விட்டுவிட்டு, தின்னாத நண்டைப் பிடித்துத் தொங்குவானேன்? என் பரிந்துரை: சல்லடைப்பல் கடல்நாய்.

‘கிரிலுண்ணி’ என்ற திருத்தமும் போதாது. அந்தக் கடலில் கிரில் தின்னாதவர் யார்? அடேலி பென்குயின் முதல் நீலத்திமிங்கலம் வரை அதுதான் படியளக்கிறது.

*

ஐயா, வணக்கம்.

ஒரு தடை எழுப்புகிறேன். சிறுத்தைக் கடல்நாயின் கடைவாய்ப்பற்களும் மும்முனை கொண்டவை. பென்குயினை வேட்டையாடும் அந்த விலங்கும் கிரிலை வடிகட்டித் தின்கிறது. அப்படியானால் உங்கள் பெயர் இரண்டுக்கும் பொதுவாகிவிடாதா? மேலும் ‘சல்லடைப்பல்’ சற்று நீளம். அரித்தெடுக்கும் பல் என்ற பொருளில் ‘அரிபல்’ என்று சுருக்கலாமா?

*

தடை நியாயமானதே. ஆனால் சிறுத்தைக் கடல்நாய்க்கு உடற்புள்ளி என்ற அடையாளம் இருக்கிறது. அதன் பெயரில் ஐயமில்லை. பல்லமைப்பு இருவருக்கும் இருந்தாலும், முழுப் பிழைப்பும் அதை நம்பி நடப்பது இதற்குத்தான். ‘அரிபல்’ எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் அரிதல் என்றதும் அறுப்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் சிறுத்தைக் கடல்நாய்க்கே பொருந்திப்போகும்! நம் விலங்கின் உடலில் காணப்படும் நீண்ட இணைத் தழும்புகள் பெரும்பாலும் சிறுத்தைக் கடல்நாயின் பற்கள் போட்டவை.

‘நீர்நாய்’ என்று சிலர் எழுதுவதை மட்டும் இப்போதே விலக்கிவிடுவோம். அது ஆறுகளில் வாழும் வேறொரு விலங்கின் பெயர். பழைய நூல்களைப் படிப்பவர்கள் குழம்பாதிருக்க, ‘நண்டுண்ணிக் கடல்நாய்: சல்லடைப்பல் கடல்நாய் காண்க’ என்று சொற்பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும்.