நிரைநீக்கி: தேர்ந்த நிரைகளை நீக்கும் மேக்ரோவுக்கு ஒரு பெயர்

வணக்கம். எக்செல் போன்ற விரிதாளில் நாம் தேர்ந்த நிரைகளை (row) மட்டும் எடுத்துவிடும் மேக்ரோவுக்கு, அதாவது அந்த வேலையைத் தானாகச் செய்யும் சிறு புரோகிராமுக்கு, என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் ‘தெரிவுநீக்கம்’ என்று ஐயா ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். சொல் சுருக்கமாக இருக்கிறது, ஆனாலும் எனக்கு ஒப்புதல் இல்லை. தெரிவை நீக்குவது என்றால் தேர்ந்ததைக் கைவிடுவது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். டிக்கை எடுத்துவிடும் போலிருக்கிறது என்று நம்பி அழுத்துவார், நிரையே போய்விடும்.

இங்கே சேலத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மரவள்ளி லோடு வந்த நாள், லாரி எண், எடை, மாவுச்சத்துக்குப் பார்க்கும் பாயின்ட், விலை, பாக்கி என்று ஒரு லோடுக்கு ஒரு நிரை. பாக்கி தீர்ந்தவற்றை கண்ட்ரோல் விசையைப் பிடித்தபடி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேர்ந்து பொத்தானை அழுத்தினால் அவை மட்டும் போக வேண்டும். அழுத்தப்போவது கணக்கு எழுதுபவர், மேக்ரோ எழுதிய நாம் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டோம், அதனால் நடக்கப்போவது அந்தச் சொல்லிலேயே அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

நிரைக்கு ‘வரி’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பேச்சில் சரி. ஆனால் அதே தாளில் ஜிஎஸ்டி கணக்கும் இருக்கும்போது ‘வரி நீக்கு’ என்றால் என்ன பொருள் வரும், பாருங்கள். நிரை என்பது பத்தாம் வகுப்பு அணிகள் பாடத்தில் எல்லாரும் படித்த சொல், புதிதாக யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அதே பாடத்தில் மேலிருந்து கீழாக வரும் ‘நிரல்’ (column) என்ற சொல்தான் சிக்கல், கணினியில் அது புரோகிராமுக்குப் போய்விட்டது. அதைத் தனியாகப் பேசுவோம்.

அடுத்து, நீக்கு, அழி இரண்டையும் ஒன்றாகப் புழங்குவதை இத்தோடு விட்டுவிட வேண்டும். உள்ளே இருப்பதை மட்டும் அழித்தால் வெற்று நிரை அங்கேயே நிற்கும். நீக்கினால் கீழே உள்ளவை ஒவ்வொன்றாக மேலே ஏறும். 7ஆம் நிரையை நீக்கியதும் பழைய 8 புதிய 7 ஆகிவிடுகிறது, மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டு போகும் மேக்ரோ அடுத்து 8க்குத் தாவி, 7க்கு ஏறிவிட்ட பழைய 8ஐப் பார்க்காமலே கடந்துவிடும். அதனால்தான் கடைசி நிரையிலிருந்து மேல் நோக்கி வரச் சொல்கிறோம், இல்லையென்றால் தேர்ந்தவற்றை எல்லாம் முதலில் ஒன்றுசேர்த்து ஒரே தடவையில் நீக்கச் சொல்கிறோம். அழிப்பதாக இருந்தால் இந்தத் தொல்லையே கிடையாது. இவ்வளவு வேறுபாடு இருக்கிற இரண்டு செயலுக்கு ஒரே சொல் கூடாது.

தேர்ந்த நிரை என்ற பொருளில் ‘தெரிநிரை’ என்ற வினைத்தொகை எனக்கும் பிடித்தது. ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற நிரை என்றும் பொருள்படும். விரிதாளில் அதுவே தனியான ஒரு விஷயம். 5 முதல் 12 வரை இழுத்துத் தேர்ந்தால், நடுவில் கையால் மறைத்துவைத்த நிரைகளும் அதற்குள் அடங்கும், நீக்கும்போது அவையும் சேர்ந்தே போகும். ‘தெரிநிரை நீக்கு’ என்று படித்தவர் மறைந்தவை பத்திரமாக இருப்பதாக நம்பிவிடுவார். ‘தேர்நிரை’யும் வேண்டாம், தேர்களின் வரிசை என்றுதான் முதலில் மனதில் படும்.

அதனால் என் முன்மொழிவு இது. மேக்ரோவின் பெயர் நிரைநீக்கி. பொத்தானில் ‘தேர்ந்த நிரைகளை நீக்கு’ என்று முழுதாக எழுதுவோம், இடம் கொஞ்சம் அதிகம் பிடித்தாலும் பரவாயில்லை. எக்செல்லில் மேக்ரோ ஓடி முடிந்தபின் கண்ட்ரோல் இசட் போட்டு மீட்க முடியாது, அதனால் நீக்கும் முன் ‘5, 7, 12 ஆகிய 3 நிரைகள் நீக்கப்படும். மீட்க முடியாது. தொடரலாமா?’ என்று எண்களோடு கேட்க வேண்டும். வெறுமனே ‘உறுதியா?’ என்று கேட்டால் யாரும் படிக்காமல் சரி கொடுத்துவிடுவார்கள். மேக்ரோவுக்குக் குறுநிரல் என்று மாற்றலாமா என்ற கேள்வியை இதில் கலக்க வேண்டாம், புழக்கத்தில் மேக்ரோவே நன்றாக நிலைத்துவிட்டது.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. தொடர்ச்சியாக இல்லாமல் இப்படி விட்டுவிட்டுத் தேர்வதற்கு ஒரு பெயர் வேண்டும். ‘சிதறல் தேர்வு’ என்று வைத்திருக்கிறேன், தேர்வு என்றதும் பரீட்சை நினைவுக்கு வருவதால் முழு நிறைவில்லை. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.