பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் பெண்கள்: தயக்கமா, நெருக்கடியா?

வைகைக்கரை:
பொதுத்துறை வங்கியில் 11 ஆண்டுகளாகக் கிளார்க்காக இருக்கிறேன். எங்கள் கிளையில் அதிகாரி பதவிக்கு விண்ணப்பிக்கத் தகுதியுள்ள பெண்கள் மூன்று பேர். இந்த ஆண்டு ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. அவர்களில் ஓர் அக்கா வங்கி ஊழியர்களுக்கான ஜேஏஐஐபி, சிஏஐஐபி தேர்வுகள் இரண்டிலும் தேறியவர். மாலையில் கணக்கு நேராகாவிட்டால் மேலாளரே அவர் மேசைக்குத்தான் வருவார். "விண்ணப்பியுங்கள் அக்கா" என்றால், "எனக்கு அந்த அளவுக்கு எங்கே தெரியும்?" என்கிறார். அவரிடம் வேலை கற்ற தம்பி இன்று அதிகாரி. முட்டுக்கட்டை நம் மனத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

தாமிரபரணி:
நான் மறுக்கிறேன். அந்த அக்காவிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். "மாமனார் படுக்கையில் கிடக்கிறார், வீட்டில் விடமாட்டார்கள்" என்று அலுவலகத்தில் சொல்ல யாருக்கு மனம் வரும்? "தெரியாது" என்று சொல்லிவிடுவது எளிது. நானும் 2016இல் தேர்வில் தேறினேன். அதிகாரியாக ஆந்திராவின் ஓங்கோலில் பணியிடம் போட்டார்கள். மகள் அப்போது பத்தாம் வகுப்பு. பதவி உயர்வு வேண்டாம் என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கேஷ் கவுண்டரில் வந்து உட்கார்ந்தேன். ஒரே நோட்டுக் கட்டை மூன்று முறை எண்ணினேன். எனக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பழைய மேலாளர்:
அம்மா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இடமாற்றம் எல்லோருக்கும் பொதுவான விதி. 32 ஆண்டுகளில் ஒன்பது ஊர் பார்த்தவன் நான். மகன் பிறந்த செய்தி எனக்குத் தந்தியில்தான் வந்தது. மணமான பெண்களைக் கணவர் இருக்கும் ஊரிலோ அதற்கு அருகிலோ இயன்றவரை அமர்த்தும்படி நிதியமைச்சகம் 2014இலேயே வங்கிகளுக்கு எழுதியது. சலுகை அளவுக்கு மீறினால் தொலைதூரக் கிளைகளெல்லாம் ஆண்கள் தலையில்தான் விழும். அது எப்படி நியாயம்?

தாமிரபரணி:
ஐயா, "இயன்றவரை" என்ற சொல்லில்தான் எல்லாம் அடிபட்டுப் போகிறது. காலியிடம் இல்லை என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. இன்னொன்று, நீங்கள் ஒன்பது ஊர் சுற்றியபோது வீட்டைச் சுமந்தது யார்? உங்களுக்கு வீட்டில் ஒருவர் இருந்தார். எனக்கு அப்படி யாரும் இல்லை.

வைகைக்கரை:
தாமிரபரணி அக்கா, உங்கள் நிலை வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அருந்ததி பட்டாச்சார்யாவை நினைத்துப் பாருங்கள். 1977இல் பாரத ஸ்டேட் வங்கியில் சேர்ந்தவர், மகளின் படிப்புக்காக ஒரு கட்டத்தில் வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தவர். விடாமல் நின்றதால்தான் 2013இல் அவ்வங்கியின் முதல் பெண் தலைவரானார். குழந்தைகளையோ முதியோரையோ கவனிக்கப் பெண்கள் இரண்டு ஆண்டுவரை விடுப்பு எடுக்கும் திட்டம் அவர் காலத்தில்தான் வந்தது. மேலே ஒருத்தி போனால்தானே கீழே விதி மாறும்?

தாமிரபரணி:
கேள்வி கேட்டாலும் விதி மாறும். இந்திய வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி சி.பி. முத்தம்மா. திருமணம் செய்துகொண்டால் பதவி விலகுவேன் என்று சேரும்போதே அவரிடம் உறுதி வாங்கினார்கள். பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அரசு அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தது. பெண்களுக்கு எதிரான விதிகளைச் சீர்திருத்த வேண்டும் என்று 1979 தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். முத்தம்மாவிடம் குறை இருந்ததா, விதியிலா?

பழைய மேலாளர் ஐயா, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். நேர்முகத் தேர்வுக் குழுவில் இருந்திருப்பீர்கள். பெண்களிடம் என்ன கேட்பீர்கள்?

பழைய மேலாளர்:
இரவெல்லாம் யோசித்துவிட்டு எழுதுகிறேன். நான்கு முறை குழுவில் இருந்திருக்கிறேன். "வெளியூர் போட்டால் போவீர்களா? கணவர் சம்மதிப்பாரா?" என்று வந்த பெண்கள் எல்லோரிடமும் கேட்டேன். அது அக்கறை என்றே நம்பினேன். ஆண்களிடம் கடன் வசூல் பற்றிக் கேட்டேன். மனைவி சம்மதிப்பாரா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. இடமாற்றம் பொது விதி என்பதில் நான் இன்னும் மாறவில்லை. அந்தக் கேள்வி தவறு.

வைகைக்கரை:
நன்றி ஐயா. அந்த அக்காவிடம் இன்று மதியம் தனியாகக் கேட்டேன். மாமியாருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்றார். 11 ஆண்டுகள் பக்கத்து மேசையில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.