பாலிக் புலாவ் பக்கம் வாடகை வீடு இருந்தால் சொல்லுங்களேன்

வணக்கம் உறவுகளே. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை. இப்போது சுங்கை ஆராவில் ரோட்டோரமாகக் குடியிருக்கிறோம். இரவு வேலை முடிந்து பகலில் கண்ணை மூடினால் ஓயாத வண்டிச் சத்தம். அதனால் பாலிக் புலாவ் பக்கம் மூன்று அறை அடுக்குமாடி வீடு தேடுகிறேன், வாடகை 900 வெள்ளிக்குள் (ரிங்கிட்). அம்மாவுக்கு முழங்கால் வலி. லிஃப்ட் இல்லையென்றால் கீழ்வீடுதான் வேண்டும்.

ஒரு தரகர் என் பெயரைக் கேட்டதுமே "வீடு போய்விட்டது" என்றார். மறுநாளும் அதே விளம்பரம் அப்படியே இருந்தது! சரி, விடுங்கள். இனி வீட்டுக்காரரிடமே நேரில் பேசிக்கொள்கிறேன். இரண்டு மாத டெபாசிட், தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை எல்லாம் தயார். ஒப்பந்தத்துக்கு முத்திரை மட்டும் கட்டாயம் போட வேண்டும்.

அப்புறம் அங்கே இருப்பவர்களிடம் ஒரு கேள்வி. மழை நாளில் மலைப்பாதையில் மோட்டார் சைக்கிளில் வருவது எப்படி? காலை ஏழு மணி ஷிப்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்? துரியான் பருவத்து நெரிசலைச் சொல்ல வேண்டாம், பழம் தின்னப் போய் மாட்டிக்கொண்டவன்தான் நான். மகன் சுங்கை ஆரா தமிழ்ப்பள்ளியில் படிக்கிறான், மாற்ற மனமில்லை. பாலிக் புலாவிலிருந்து அந்தப் பள்ளிக்கு வேன் ஓடுகிறதா?