பழைய ஹிமாலயன் 411: 14,000 ஓடிய வண்டியா, லடாக் போய் வந்த வண்டியா? உதவி தேவை

சேலம்_ரைடர்:

வணக்கம். பழைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். புது 450 என் பட்ஜெட்டில் வராது, 411 எனக்குப் போதும். தினமும் வேலைக்குப் போய்வர 40 கி.மீ., லீவு கிடைத்தால் ஏற்காடு, கொல்லிமலை, எப்போதாவது ஒரு நீண்ட பயணம்.

இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது சேலத்திலேயே ஒரு பழைய வண்டிக் கடையில் நிற்கிறது. 2019 மாடல், பி.எஸ்.4 (புகைக் கட்டுப்பாட்டு விதி), மீட்டரில் 14,000 சொச்சம், ஒரே ஓனர், பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருக்கிறது. 1,40,000 சொல்கிறார்கள். இரண்டாவது பெங்களூருவில், 2021 மாடல், பி.எஸ்.6, 38,000 கி.மீ. ஓனரே விற்கிறார். லடாக் போய் வந்ததை அவரே சொல்லிவிட்டார். அடியில் உள்ள பேஷ் பிளேட்டில் கல் பட்ட அடி, எஞ்சின் கார்டில் கீறல். 1,45,000 கேட்கிறார். வீட்டில் எல்லோரும் குறைவாக ஓடியதை எடு என்கிறார்கள், எனக்கும் மனசு அங்கேதான் போகிறது. ஆனால் அந்த 14,000-ஐ எப்படி நம்புவது? மைலேஜ் எவ்வளவு கிடைக்கும்?

மலைப்பாதை:

மீட்டரைக் கடைசியில் பாருங்கள், முதலில் டயரைப் பாருங்கள் நண்பரே. டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 14,000 கி.மீ.க்குள் பின் டயர் ஒருமுறை மாறியிருந்தால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. முன் டயரும் மாறியிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

அப்புறம் முன் பிரேக் டிஸ்க். ஓரத்தில் நகத்தை வைத்து உள்பக்கமாக இழுங்கள், பிரேக் பேட் படாத விளிம்பு மேடாக நின்று நகம் நன்றாகத் தட்டினால் அது நிறைய பிரேக் பிடித்த வண்டி. டிஸ்கிலேயே குறைந்தபட்ச கனம் எத்தனை மி.மீ. என்று பொறித்திருப்பார்கள், ஒரு வெர்னியர் கையில் இருந்தால் அளந்தே பார்த்துவிடலாம். கியர் லீவர் ரப்பர், ஹேண்டில் கிரிப், ஃபுட்ரெஸ்ட் பற்கள், சாவி போடும் இடத்தைச் சுற்றியுள்ள கீறல் என்று கடைக்காரர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாத இடங்களையும் விடாதீர்கள். ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் அது எப்போது மாறியது என்று கேளுங்கள்.

ஆனால் முக்கியமானது சர்வீஸ் வரலாறு. ஓனரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, வண்டி எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். ஒவ்வொரு ஜாப் கார்டிலும் (சர்வீஸ் வேலைப் பதிவுச் சீட்டு) அன்றைய கி.மீ. பதிவாகியிருக்கும். அந்த எண் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே வர வேண்டும், நடுவில் இறங்கினால் கதை வேறு.

டேங்க்_ஃபுல்:

மைலேஜ் பற்றி மட்டும் சொல்கிறேன். 411-ல் நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு 28 முதல் 32 வரை எதிர்பார்க்கலாம், 15 லிட்டர் டேங்க் என்பதால் ஒருமுறை நிரப்பினால் 400 கி.மீ. தாராளமாக வரும். பி.எஸ்.4, பி.எஸ்.6 இரண்டும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன்தான், இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. 22, 23 என்று வந்தால் ஏர் ஃபில்டர், டயர் காற்று, சக்கரத்தை உரசிக்கொண்டே இருக்கும் பிரேக் இந்த மூன்றையும் பாருங்கள். விற்பவர் சொல்லும் மைலேஜை வைத்து விலையைத் தீர்மானிக்காதீர்கள்.

சேலம்_ரைடர்:

நன்றி. நேற்று சாயங்காலம் கடைக்குப் போனேன். முன் டயரில் 0823 என்று இருக்கிறது, டிஸ்க் ஓரத்தில் நகம் நன்றாகவே தட்டுகிறது. கடைக்காரர் மூலமாக ஓனரிடம் பேசி சர்வீஸ் சென்டரில் கேட்டதில், 2022-லேயே ஒரு ஜாப் கார்டு 21,000-க்கு மேல் காட்டுகிறது! கடையில் கேட்டால் மழையில் மீட்டருக்குள் தண்ணீர் போய் மாற்றினார்கள், மற்றபடி தங்கமான வண்டி என்கிறார்கள். மீட்டர் மாற்றிய பில் இல்லை. எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது. விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாமா?

மலைப்பாதை:

மீட்டர் மாற்றுவது தவறே இல்லை. புது மீட்டர் போட்டால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும், அதை நேர்மையாகச் சொல்லி பில்லைக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். இங்கே நீங்கள் கேட்கும்வரை சொல்லவில்லை, பில்லும் இல்லை. மாற்றியபோது எவ்வளவு ஓடியிருந்தது என்று தெரியாமல் இப்போதைய 14,000-ஐ எதோடு கூட்டுவீர்கள்? 35,000-ம் இருக்கலாம், 50,000-ம் இருக்கலாம். அதைவிட எனக்குக் கவலை, அந்த இடைவெளியில் ஆயில் எப்போது மாறியது, வால்வ் கிளியரன்ஸை (வால்வ் இடைவெளி) யாராவது பார்த்தார்களா என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை என்பதுதான். 10,000 ரூபாய் குறைத்தாலும் நான் தொட மாட்டேன்.

38,000 இந்த எஞ்சினுக்குப் பெரிய ஓட்டம் இல்லை. 411 சி.சி.யில் 24 சொச்சம் குதிரைத்திறன் மட்டுமே எடுக்கும், முறுக்காமல் கீழ் ஆர்.பி.எம்.மிலேயே இழுக்கும் எஞ்சின், ஒழுங்காக ஆயில் மாறியிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. லடாக் போன வண்டியில் எஞ்சினைவிட முன்னாலும் பின்னாலும்தான் அடி விழுந்திருக்கும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்பக்கம் ஒருவரை அழுத்தச் சொல்லி, முன் சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்துங்கள். ஹேண்டில் பாரை ஒரு விரலால் மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ‘டக்’ என்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) போய்விட்டது. ஃபோர்க்கை முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டமும் தெரியக்கூடாது. ஃபோர்க் குழாயில் ஆயில் வளையம் இருந்தால் சீல் போய்விட்டது. இரண்டு சக்கர ஸ்போக்ஸையும் ஒரு ஸ்பேனரால் தட்டிக்கொண்டே வாருங்கள், மற்றவை ‘டிங்’ என்னும்போது ஒன்று மட்டும் மொத்தையாகச் சத்தம் தந்தால் அது தளர்ந்திருக்கிறது. பின் ஷாக்கின் லிங்கேஜ் (இணைப்பு) புஷ்கள் ஆற்றுத் தண்ணீரில் இறங்கி ஏறினால் கிரீஸ் இழந்து வறண்டுவிடும், சீட்டை அழுத்தும்போது கீச் என்றால் அதுதான்.

ஓசூர்_அண்ணன்:

தம்பி, பெங்களூரு போகும்போது முன்கூட்டி ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று ஓனரிடம் சொல்லிவிடு. போனதும் எஞ்சின் மேல் கை வை, குளிர்ந்திருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வருகிறதா பார், காலைக் குளிரில் லேசாக வெள்ளையாக வந்து மறைவதைக் கண்டுகொள்ளாதே.

பேப்பர் விஷயம் அதைவிட முக்கியம். கர்நாடகப் பதிவு என்பதால் அந்த ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும், அது படிவம் 28. பெயர் மாற்றத்துக்கு 29, 30. லோன் இருந்தால் படிவம் 35-ம் வங்கிக் கடிதமும். நம் ஊரில் மறுபதிவு செய்யும்போது வண்டியின் வயதுக்கு ஏற்ப ஆயுள் வரி மறுபடி கட்ட வேண்டும், அதை முன்பே விசாரித்து 1,45,000-உடன் கூட்டிப் பார். அபராதம் பாக்கி இருக்கிறதா என்று அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண் போட்டுப் பார்த்துவிடு.

சேலம்_ரைடர்:

போய்ப் பார்த்துவிட்டேன். தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டிப்போனேன். ஜாப் கார்டுகள் வரிசையாக இருக்கின்றன, கி.மீ. ஒழுங்காக ஏறுகிறது. எஞ்சினில் சத்தம் இல்லை, புகை இல்லை. கோன் செட்டில் நடுவில் அந்த ‘டக்’ இருக்கிறது. பின் ஸ்ப்ராக்கெட் பற்கள் கொக்கி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டன, செயினைப் பின்னால் இழுத்தால் பல் பாதி தெரிகிறது. மற்றபடி ரிம் நேராக இருக்கிறது, ஃபோர்க் காய்ந்திருக்கிறது. பின் பிரேக்கின் ஏ.பி.எஸ்.ஸை (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) அணைக்கும் சுவிட்ச் வேலை செய்கிறது. செயின் செட், கோன் செட், ஆயுள் வரி எல்லாம் சொல்லிப் பேசியதில் 1,30,000-க்கு இறங்கினார். முழுப் பணத்தையும் கொடுத்து வண்டியை இப்போதே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார், என்.ஓ.சி. பிறகு அனுப்புகிறாராம். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார், கொடுக்கலாமா?

ஓசூர்_அண்ணன்:

நல்ல மனிதர்தான், ஆனாலும் வேண்டாம். அட்வான்ஸ் கொடுத்து, வண்டி எண், சேஸிஸ் எண், மீதி எவ்வளவு என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். என்.ஓ.சி. கைக்கு வந்த அன்று மீதியைக் கொடுத்து வண்டியை எடு. எடுத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உன் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிடு. கோன் செட்டைச் சேலம் வந்து மாற்றலாம் என்று தள்ளிப்போடாதே, கிருஷ்ணகிரி வழியாக நெடுஞ்சாலையில் வரப்போகிறாய், பெங்களூருவிலேயே மாற்றிவிட்டுக் கிளம்பு.