யூப்பிக் எறிபலகை: ஈட்டி நழுவுகிறது, எங்கே பிசகு?

மரத்தூள்_தோபாயோ:
சமூக மன்றக் கண்காட்சிக்கு அலாஸ்கா யூப்பிக் மக்களின் எறிபலகை மாதிரி ஒன்றைப் பைன் மரத்தில் செதுக்குகிறோம். ஈட்டியின் அடியை நுனியிலுள்ள முளையில் மாட்டி வீசும் பலகை அது. நீளம் 60 செ.மீ. கையை ஓங்கினாலே ஈட்டியின் அடி முளையை விட்டு நழுவுகிறது. சீல் வேட்டைக்கு வில்லை விட்டு இதை ஏன் எடுத்தார்கள் என்றும் விளக்க அட்டையில் எழுத வேண்டும்.

உளிச்சத்தம்:
60 அதிகம்ங்க. முழங்கையிலிருந்து ஆள்காட்டி விரல் நுனி வரை, எறிபவரின் உடம்பே அளவுகோல். 45 செ.மீ. பக்கம் வரும். முதலில் ஈட்டியின் அடியைப் பாருங்கள். முளையின் முனை உட்கார அங்கே சிறு குழி வேண்டும். குழி மேலோட்டமாக இருந்தால் நழுவும். ஆழமாகிவிட்டால் கடைசி மணிக்கட்டு வீச்சில் விடுபடாமல் ஈட்டி தரையில் குத்தும். 3 மி.மீ.யில் தொடங்கி, எறிந்து பார்த்துச் சரிசெய்யுங்கள். பலகையில் ஈட்டி கிடக்கும் நீளப் பள்ளம் அதை இறுக்கிப் பிடிக்கவே கூடாது. நம் சிங்கப்பூர் ஈரப்பதத்தில் பைன் ஊதும், அதனால் கொஞ்சம் தளர்வாகவே விடுங்கள். ஆள்காட்டி விரல் துளை வலக்கைக்கா இடக்கைக்கா என்று செதுக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

வில் ஏன் இல்லை என்றால், கயாக் என்னும் சிறு தோல் படகில் துடுப்பு ஒரு கையில் இருக்கும். வில்லுக்கு இரண்டு கையும் வேண்டும், நனைந்த நரம்பு நாணும் தளர்ந்துவிடும். பலகைக்கு ஒரு கை போதும். அது கையின் நீளத்தைக் கூட்டுவதால் வேகமும் கூடும். அங்கே மரம் அரிது. யூகான், குஸ்கோக்விம் ஆறுகள் அடித்துவரும் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரக் கட்டைகளில்தான் செய்தார்கள்.

கடற்காற்று:
பக்கத்தில் திரும்புமுனை ஈட்டித்தலை ஒன்றும் வையுங்கள், நுட்பமே அதில்தான். கயிற்றுத் துளை தலையின் நடுவில், அடியில் ஒரு பக்கம் மட்டும் கூரான குதி. குத்தியதும் தண்டு கழன்றுவிடும். கயிறு இழுபட, குதி சதையில் ஊன்றித் தலை குறுக்கே திரும்பிவிடும், சட்டைப் பொத்தான் துளைக்குப் பின்னால் மாட்டிக்கொள்வதைப் போல. மாதிரி செய்பவர்கள் துளையை அடிப்பக்கமாகத் தள்ளிப் போட்டுவிடுகிறார்கள். அப்போது திரும்பாது, போன வழியே வெளியே வரும்.

மரத்தூள்_தோபாயோ:
நன்றி அண்ணா. முளைக்குப் பழைய யானைத் தந்தத் துண்டு விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

கடற்காற்று:
வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரில் 1.9.2021 முதல் அதை விற்பதே தடை. யூப்பிக் மக்கள் பயன்படுத்தியதும் வால்ரஸ் தந்தம். கேலாங் சிராய் சந்தையில் மாட்டுக் கால் எலும்பு வாங்கி, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் சிறுதீயில் வைத்துக் கொழுப்பை எடுங்கள். குளோரின் வெளுப்பான் போட்டால் எலும்பு பொடியும். அரம் போடும்போது N95 முகக்கவசம் கட்டாயம்.