கம்பி ஹெட்ஃபோனும் தாத்தாவின் கூத்து நாடாக்களும்: அனுபவப் பகிர்வு

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

எங்கள் தாத்தா தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த டோங்காட் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சனிக்கிழமை இரவுகளில் தெருக்கூத்துக்கு மிருதங்கம் வாசித்தவர். இங்கே பலரும் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று சொல்லும் அந்தக் கூத்தை, 1980களில் என் மாமா கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தார். மாமா காலமான பிறகு பதினொரு நாடாக்கள் என் கைக்கு வந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றி, இரைச்சலைக் குறைத்து, குடும்பத்தாருக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம் என்று இறங்கிய பிறகுதான், ஹெட்ஃபோன் எவ்வளவு யோசித்து வாங்க வேண்டிய பொருள் என்பது எனக்குப் புரிந்தது. இந்த மூன்று ஆண்டுகளில் நான் கண்டதை எழுதுகிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

முதலில் என் மகளுடைய ப்ளூடூத் ஹெட்ஃபோனைத்தான் வாங்கி மாட்டிக்கொண்டேன். பாட்டுக் கேட்க அது நன்றாகவே இருந்தது. ஆனால் திரையில் அலைவடிவத்தைப் பார்த்துக்கொண்டு, தாளம் விழும் இடத்தில் வெட்டி ஒட்ட முயன்றபோது, கண்ணுக்குத் தெரிந்த இடம் ஒன்றாகவும் காதுக்குக் கேட்ட இடம் வேறாகவும் இருந்தன. ஒலியைச் சுருக்கி அனுப்பி, ஹெட்ஃபோனுக்குள் மறுபடி விரிப்பதற்குள் பல நேரங்களில் 100 மில்லிநொடிக்கு மேல் கடந்துவிடுகிறது. தாளத்தின் மேல் வேலை செய்பவருக்கு அது பெரிய இடைவெளி. அன்றே கம்பி வகைக்கு மாறிவிட முடிவு செய்தேன்.

அடுத்து, பெட்டியின் மேல் ‘ஸ்டுடியோ’ என்று அச்சிட்டிருந்ததை நம்பி, காதுக்கிண்ணத்தின் பின்புறம் அடைத்திருக்கும் மூடிய வகை ஹெட்ஃபோன் ஒன்று வாங்கினேன். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், அதாவது கனத்த ஒலி தரும் இடப்பக்கம், அதில் நெஞ்சில் இடிப்பதுபோல் கேட்டது. நாடாவிலேயே அடியொலி (பேஸ்) மிகுதி என்று எண்ணி, அதைக் குறைத்துக்கொண்டே போனேன். மூன்று வாரம் உட்கார்ந்து முதல் நாடாவை முடித்து, அண்ணன் வீட்டுக் கூடத்திலிருக்கும் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டியபோது, மிருதங்கம் தகர டின்னைத் தட்டுவதுபோல் ஒலித்தது. அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் மட்டும், “தாத்தா கை இப்படிப் பேசாதே” என்றார். ஹெட்ஃபோன் தன் பங்குக்குக் கூட்டித் தந்த அடியொலியை, நாடாவில் இருந்ததாக நினைத்து நான் வெட்டி எறிந்திருக்கிறேன். மூல நாடா பத்திரமாக இருந்ததால் திரும்பவும் தொடங்க முடிந்தது.

அதற்குப் பிறகுதான் ஒலியைப் பற்றி ஒழுங்காகக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். நம் மகிழ்ச்சிக்காகக் கேட்கும் ஹெட்ஃபோனுக்கும், வேலைக்காகக் கேட்கும் ஹெட்ஃபோனுக்கும் நோக்கமே வேறு. முன்னது உள்ளதை அழகுபடுத்தலாம். பின்னது உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். நண்பர் ஒருவர் சோனி எம்டிஆர் 7506 வகையை ஒரு மாதம் இரவல் கொடுத்தார். 1991இல் வந்த அந்த ஹெட்ஃபோன், வானொலி நிலையங்களிலும் படப்பிடிப்புத் தளங்களிலும் இன்றுவரை புழங்குகிறது. சுருள் கம்பியும், 63 ஓம் மின்மறுப்பும் (மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) கொண்டது. பழக்கமான குரலை வைத்துத்தான் அதைச் சோதித்தேன். எங்கள் நாடாக்களில் இரண்டு, 1983இல் தொடங்கிய ரேடியோ லோட்டஸ் ஒலிபரப்பிலிருந்து மாமா பிடித்துவைத்தவை. சிறு வயதிலிருந்து கேட்ட அறிவிப்புக் குரல் அதில் இருந்தது. மூக்கடைத்ததுபோலவும் இல்லை, தொண்டையில் கனம் ஏற்றியதுபோலவும் இல்லை. இனி இதை நம்பித் தாத்தாவின் நாடாவைத் தொடலாம் என்று தோன்றியது.

அந்த ஹெட்ஃபோன் காட்டிக் கொடுத்த முதல் விஷயம், பின்னணியில் விடாமல் ஒலித்த ஒரு முனகல். கூத்து நடந்த இடத்து ஜெனரேட்டர் என்றே நினைத்திருந்தேன். 2023ஆம் ஆண்டில் நம் எல்லோருக்கும் நேர்ந்த லோட் ஷெட்டிங் (முறைவைத்து வந்த மின்வெட்டு) நினைவிருக்கும். ஒருநாள் இரவு எட்டு மணிக்கு மின்சாரம் போனதும், டேப் ரெக்கார்டரில் பேட்டரியைப் போட்டு, மடிக்கணினியையும் அதன் பேட்டரியிலேயே ஓடவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். முனகல் அடியோடு நின்றுவிட்டது. அது கூத்துக்களத்து ஜெனரேட்டர் அன்று. இரண்டு கருவிகளும் சுவரிலிருந்து மின்சாரம் எடுத்தபோது கம்பி வழியே நுழைந்த 50 ஹெர்ட்ஸ் மின்சார ஓசை. அதுவரை பதிவு செய்த நான்கு நாடாக்களையும் பேட்டரியில் மறுபடி ஓட்டிப் பதிவு செய்தேன்.

பிறகு சொந்தமாக வாங்கியது சென்ஹைசர் எச்டி 600. 1997இல் வந்த இது திறந்த வகை. காதுக்கிண்ணத்தின் பின்புறம் வலைதான், சுவர் இல்லை. காற்று அடைபடாததால் ஒலி தலைக்குள்ளேயே சுற்றாமல், சற்று வெளியே, ஒரு கூடத்தில் நடப்பதுபோல் கேட்கிறது. நான்காவது நாடாவில், ஒரு பாட்டு முடிந்து ஆர்மோனியம் சுருதி மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும் இடம் ஒன்று உண்டு. முன்பு அந்த இடத்தில் வெறும் இரைச்சல் என்று குறித்து வைத்திருந்தேன். எச்டி 600இல் கேட்டபோது, முதலில் இரண்டு கண்ணாடி வளையல் உரசும் ஒலி, பிறகு எங்கள் ஆயாவின் (பாட்டியின்) குரல்: “தண்ணி குடிச்சிட்டு வாசிங்க.” அதை அடுத்து, தாத்தா மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையை ஒற்றை விரலால் தட்டிச் சுருதி பார்க்கும் ஒலி. ஆயா இறந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. இரைச்சல் நீக்கும் மென்பொருளை அந்த இடத்தில் ஓட்டியிருந்தால், அந்தக் குரலும் சேர்ந்தே போயிருக்கும்.

ஒன்றை மட்டும் வாங்குமுன் அறிந்துகொள்ளுங்கள். எச்டி 600இன் மின்மறுப்பு 300 ஓம். 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு ஒரு மில்லிவாட் கொடுக்க ஏறத்தாழ 0.18 வோல்ட் போதும். 300 ஓமுக்கு அதே ஒரு மில்லிவாட்டுக்கு 0.55 வோல்ட் வேண்டும். என் மடிக்கணினியின் ஜாக்கில் செருகியபோது ஒலி சோர்ந்துபோய்க் கேட்டது. கணினிக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவே ஒலியை வலுவாக்கித் தரும் சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

சுகத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். ‘ஸ்டுடியோ’ என்று அச்சிட்டு வந்த அந்த மூடிய ஹெட்ஃபோன், ஒரு மணி நேரத்தில் காது மடலை அழுத்தி வலிக்க வைத்துவிடும். வலி வந்ததும் நான் என்ன செய்தேன் என்பதைப் பின்னால்தான் கவனித்தேன்: வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று ஒலியைக் கூட்டினேன், மெல்லிய பகுதிகளைக் கேட்காமலே தாண்டினேன். இரண்டாவது பிப்ரவரியில், டர்பனின் வியர்வைக்கு அதன் தோல்போன்ற உறை உரிந்து, சட்டைக் கழுத்தில் கறுப்புச் செதிலாக உதிர்ந்தது. தலையில் சுகமாக உட்காராத ஹெட்ஃபோன், எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், கேட்பவரை அவசரப்படுத்திவிடுகிறது என்பதே என் அனுபவம்.

மெர்பேங்கிலிருந்து:

அண்ணா, வளையல் ஒலியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எழுத முடியாமல் இருந்தேன்.

நான் கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் பாடுவதைப் பதிவு செய்து பெற்றோருக்குக் கொடுப்பது வழக்கம். உங்களுக்குக் கைகொடுத்த திறந்த வகை எனக்குப் பாதகமாக முடிந்தது. பிள்ளைகள் ஹெட்ஃபோனில் தம்புரா ஒலியைக் கேட்டுக்கொண்டே மைக்கின் முன் பாட வேண்டும். திறந்த வகையை மாட்டிவிட்டேன். எட்டு வயதுப் பெண் ஒருத்தி மிக மெல்லிய குரலில் பாடினாள். பதிவை எடுத்துக் கேட்டால், அவள் குரலுக்கு ஈடாக ஹெட்ஃபோனிலிருந்து வழிந்த தம்புராவும் மைக்கில் ஏறியிருந்தது. ஒருநாள் பதிவு முழுவதும் வீண்.

அதற்குப் பிறகு பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, 80 ஓம் வகை, இரண்டு வாங்கினோம். அது மூடிய வகை. வெல்வெட்போன்ற துணியால் ஆன காது மெத்தை, காதைச் சுற்றி உட்காருமே தவிர காதின் மேல் அழுத்தாது. பிள்ளைகள் மாட்டியதை மறந்து பாடுகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. ஒலி வழிவதும் பெரிதும் குறைந்துவிட்டது. பாடும்போது சிலர் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள்வார்கள்; தம் குரல் தமக்கு நேராகக் கேட்டால்தான் சுருதி நிற்கும் என்பது உண்மைதான். அப்படிச் செய்தால், திறந்த பக்கத்துக் கிண்ணத்தைக் கன்னத்து எலும்போடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அந்தரத்தில் நின்றால் அதுவும் மைக்கில் வழியும்.

இன்னொன்று தமிழுக்கே உரியது. மேலொலியைத் (ட்ரெபிள்) தூக்கிக் காட்டும் ஒரு ஹெட்ஃபோனை வைத்துத் தொகுத்தபோது, ‘சிவ’, ‘ஈச’ என்று வரும் இடமெல்லாம் ஊசிபோல் குத்துகிறது என்று எண்ணி அங்கே ஒலியைத் தணித்தேன். கோயில் ஒலிபெருக்கியில் போட்டால், பிள்ளைகள் பல்லில்லாத பாட்டிகள்போல் பாடுவதாகக் கேட்டது. சகரம் மழுங்கிவிட்டது, கூடவே ‘ற்ற’, ‘ட்ட’ எல்லாம் சோர்ந்துவிட்டன. தேவாரத்துக்கு உச்சரிப்புத்தானே உயிர்! இப்போது எந்த ஹெட்ஃபோனை வாங்கினாலும், பதிவுக்கு முன் என் எதிரில் ஒரு பிள்ளையை நிறுத்திப் பாடச் சொல்லி நேராகக் கேட்டு, அடுத்த நிமிடமே அதே பாடலைப் பதிவில் கேட்டு ஒப்பிடுகிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

ஓய்வுபெற்ற ஆசிரியன் நான், கண்ணாடி அணிபவன். கண்ணாடி அணிபவர்களின் தொல்லையை யாரும் எழுதவில்லையே என்பதால் எழுதுகிறேன். கண்ணாடியின் காம்பு, காது மெத்தைக்கும் தலைக்கும் இடையே புகுந்து சிறு இடைவெளியை உண்டாக்கிவிடுகிறது. மூடிய வகையில் அந்த இடைவெளி வழியாக முதலில் தப்பிப்போவது அடியொலி. என் பேரன் “தவில் நன்றாகக் கேட்கிறது தாத்தா” என்பான். அதே ஹெட்ஃபோனில் எனக்குத் தவில் மெலிந்து கேட்கும். ஒருநாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டேன், தவில் வந்துவிட்டது. காம்பு மெல்லிய கம்பியால் ஆன கண்ணாடிக்கு மாறியதும், வலியும் இந்தக் குறையும் ஒன்றாகவே தீர்ந்தன.

புதிய ஹெட்ஃபோன் தலையை இறுக்கினால், தலைப்பட்டை உலோகமாக இருக்கும் வகையை, நம் தலையைவிடச் சற்று அகலமான புத்தக அடுக்கின் மேல் இரண்டு மூன்று இரவு மாட்டி வைத்தால் தளர்கிறது. பிளாஸ்டிக் பட்டையில் இதைச் செய்ய வேண்டாம், விரிசல் விடும். இறுக்கம் முழுவதும் போய்விடவும் கூடாது, ஏனெனில் மெத்தை தலையோடு பொருந்தி நிற்பதே அந்த இறுக்கத்தால்தான்.

காதுக்கும் ஓய்வு கொடுங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. நான் ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவேன். திரும்பி வந்து மாட்டும்போது, ஒலி எவ்வளவு உயர்ந்திருந்தது என்பது தானாகவே தெரியும்.

லெனேசியாவிலிருந்து:

ஒரே ஒரு குறிப்பு. மெத்தை தேய்ந்துவிட்டதென்று, மலிவாகக் கிடைத்த வேறு மெத்தையை என் ஹெட்ஃபோனுக்கு மாட்டினேன். தடிமனான, தோல்போன்ற மெத்தை. உட்காரச் சுகமாகத்தான் இருந்தது, ஆனால் ஒலி வேறு ஹெட்ஃபோனுடையதுபோல் ஆகிவிட்டது. காதுக்கும் ஒலித்தகட்டுக்கும் உள்ள தூரமும், மெத்தையின் துணியும் மாறினால் ஒலியும் மாறும். தயாரிப்பவர்களே தரும் மெத்தைக்குச் சில நூறு ராண்ட் கூடுதலாகக் கொடுத்தது நல்ல செலவு.

மீண்டும் சாட்ஸ்வொர்த்திலிருந்து:

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா, உங்கள் பதிலைப் படித்ததும் என் படிப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இரவலாக மறுபடி வாங்கிவந்த மூடிய வகையில் ஐந்தாவது நாடாவைக் கேட்டேன். தொப்பியின் ஒலி எனக்கும் கூடியது. சென்ற ஆண்டு கண்ணாடி போட்டுக்கொண்டு அடியொலியைத் திருத்திய ஒரு பாட்டை இனித் திரும்பவும் பார்க்க வேண்டியிருக்கிறது. மெர்பேங்க் தங்கை சொன்னதுபோல், நேரில் கேட்டு ஒப்பிடவும் ஏற்பாடு செய்துவிட்டேன். தாத்தாவின் மிருதங்கம் அண்ணன் வீட்டுப் பரணில் இருக்கிறது. தோல் மாற்றி, தொப்பிக்கு ரவை பூசி, வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசிக்கச் சொல்லி, நாடாவின் பக்கத்தில் வைத்துக் கேட்கப் போகிறோம்.

ஆறாவது நாடாவை ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறேன். எச்டி 600இன் காது மெத்தைகளை இன்று காலை கழற்றி, வெதுவெதுப்பான நீரில் மெதுவாகக் கசக்கி அலசி, பின்கட்டு நிழலில் காயப் போட்டிருக்கிறேன்.